அலைதடுப்பை யார் கட்டுவது? கொழும்புத் துறைமுகத்தின் அரச-தனியார் கணக்கு

கொழும்புத் துறைமுகத்தில் கையாளப்படும் பத்துக் கொள்கலன்களில் ஏறக்குறைய எட்டு இலங்கையைத் தேடி வந்தவையே அல்ல. ஒரு கப்பலில் வந்து இறங்கி, முனைய முற்றத்தில் சில நாள் கிடந்துவிட்டு, இன்னொரு கப்பலில் ஏறிப் போய்விடும். திருப்பூரில் தைத்த பனியன் தூத்துக்குடியில் ஒரு சிறிய கப்பலில் ஏறும், கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறும், ஐரோப்பாவில் போய் இறங்கும். இதற்கு மீள்கப்பலேற்றம் என்று பெயர். இந்தச் சரக்கு கொழும்புக்கு எந்தக் கடமையும் பட்டதல்ல. ஆழம் போதவில்லை, பாரந்தூக்கி மெதுவாக ஓடுகிறது, கட்டணம் கூடிவிட்டது என்றால் அடுத்த மாதமே சிங்கப்பூருக்கோ ஓமானின் சலாலாவுக்கோ போய்விடும்.

1999இல் கொழும்பு கையாண்டது 20 அடிக் கொள்கலன் கணக்கில் சுமார் 17 இலட்சம். 2024இல் சுமார் 78 இலட்சம். அந்த 25 ஆண்டுகளுக்குள் உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டமும், சுனாமியும், பெருந்தொற்றும், 2022இன் கடன் நெருக்கடியும் அடங்கும். இவ்வளவுக்கும் நடுவே வளர்ந்தது எப்படி என்று கேட்டால், ஒருபக்கம் தனியார் திறமை என்பார்கள், மறுபக்கம் நாட்டின் சொத்தை விற்றுவிட்டார்கள் என்பார்கள். இரண்டும் அரைகுறை. எந்த வேலைக்கு யார் பணம் போட்டார், எந்த ஆபத்தை யார் தலையில் வைத்துக்கொண்டார் என்று பிரித்துப் பார்த்தால்தான் கணக்கு புரியும். அதற்குக் கொழும்பைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது. ஒரே துறைமுகத்துக்குள் வேறுவேறு ஒப்பந்தங்களில் ஓடும் முனையங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

முதலில் இருந்தது ஜய கொள்கலன் முனையம். 1980களில் ஜப்பானின் கடனுதவியோடு கட்டப்பட்டது, இலங்கைத் துறைமுக அதிகார சபையே நடத்துகிறது. 1990களின் கடைசியில் அது திணறியது. போட்டி கிட்ட வந்துவிட்டது. 1998இல் சலாலா திறந்தது. அரசாங்கத்திடம் புதிய முனையத்துக்குப் பணமில்லை, போர்ச் செலவு வேறு. அப்போதுதான் பழைய எலிசபெத் மகாராணி இறங்குதுறையை முப்பது ஆண்டு உரிமையில் தனியார் கூட்டணி ஒன்றுக்குக் கொடுத்தார்கள். பிரித்தானியாவின் பி அன்ட் ஓ நிறுவனமும் உள்ளூர் ஜோன் கீல்ஸ் நிறுவனமும் அதில் முக்கியமானவை. 1999இல் தொடங்கிய அந்த சவுத் ஏசியா கேட்வே முனையம்தான் நாட்டின் முதல் தனியார் துறைமுக முனையம். துறைமுக அதிகார சபைக்கும் அதில் 15 சதவீதப் பங்கு வைத்தார்கள்.

முறை இதுதான்: தனியார் தன் பணத்தில் கட்டும், குறித்த காலம் நடத்தும், காலம் முடிந்ததும் முழுவதையும் அரசிடம் ஒப்படைக்கும். நிலமும் கடலும் எப்போதும் அரசுடையவை. நடக்கும் காலத்தில் அரசுக்குக் குத்தகையும், கொள்கலன் கணக்கில் உரிமைத் தொகையும், பங்கு இருந்தால் இலாபத்தில் ஒரு துண்டும் வரும். ஆக, சொத்து கைமாறுவதில்லை. அதை நடத்தும் உரிமைதான் தவணைக்குப் போகிறது. சொல்வதற்கு எளிது. சிக்கல் எல்லாம் ஒப்பந்தத்துக்குள் எழுதாமல் விட்டதில் வரும்.

அந்தச் சிக்கல் சீக்கிரமே வந்தது. 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. தாக்கப்பட்டது விமான நிலையம் என்றாலும் அடி துறைமுகத்துக்கும் விழுந்தது. இலங்கைக்கு வரும் கப்பல்களுக்கு லண்டன் காப்பீட்டுச் சந்தை போர் ஆபத்துக் கட்டணத்தைத் தாறுமாறாக ஏற்றியது. கப்பல்கள் கொழும்பைத் தவிர்த்தன. முனையம் எவ்வளவு வேகமாக இயங்கி என்ன, பாரந்தூக்கி எவ்வளவு புதியதாக இருந்து என்ன? கடைசியில் காப்பீட்டாளர்களிடம் அரசாங்கம் தன் பணத்தை வைப்பாக வைத்துத்தான் அந்தக் கட்டணத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. போர், சட்டம் ஒழுங்கு, ரூபாயின் மதிப்பு போன்றவற்றைத் தனியார் சுமக்க மாட்டார். சுமக்கச் சொன்னால் அதற்கு ஒரு விலை வைப்பார், அந்த விலை அரசு தானே சுமப்பதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

இரண்டாவது கட்டம்தான் கொழும்பின் உண்மையான திருப்பம். 2000களில் கொள்கலன் கப்பல்கள் பருக்கத் தொடங்கின. பழைய துறைமுகத்தின் ஆழம் சுமார் 15 மீட்டர். புதிய தலைமுறைக் கப்பல்களுக்கு அது பற்றாது. பழைய அலைதடுப்புக்கு (கடல் அலையை மறிக்கும் கல் அணைக்கு) வெளியே, திறந்த கடலில், புதிதாக ஒரு துறைமுகத்தையே உருவாக்க வேண்டும். இதைத் தனியாரிடம் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். கொடுத்திருந்தால் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

காரணம், அலைதடுப்புக்கு யாரிடமும் கட்டணம் வாங்க முடியாது. அது ஒரு முனையத்துக்கு மட்டும் நிழல் தருவதில்லை, உள்ளே வரும் எல்லாருக்கும் தருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் கல் போட்டு நிரப்பும் வேலை எத்தனை மாதம் பிந்தும் என்று எவராலும் உறுதி சொல்ல இயலாது. ஒரு வருமானமும் இல்லாமல் நான்கு ஐந்து ஆண்டு பணத்தைக் கடலில் கொட்ட வேண்டும். முனையம் அப்படியல்ல, பாரந்தூக்கி வந்த ஆண்டிலேயே காசு பார்க்கத் தொடங்கும்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். ஆசிய அபிவிருத்தி வங்கி 30 கோடி டொலர் கடன் கொடுத்தது. 2008இல் தொடங்கி 2012க்குள் சுமார் 6.8 கிலோமீட்டர் அலைதடுப்பும், 18 மீட்டர் ஆழத் துறையும், அதைவிட ஆழமான நுழைவுப் பாதையும் தயாராகின. கட்டியது தென்கொரியாவின் ஹியூண்டாய். கடனாளி இலங்கை அரசு. உள்ளே மூன்று பெரிய முனையங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்: தெற்கு, கிழக்கு, மேற்கு.

தெற்கு முனையம் முதலில் டெண்டருக்குப் போனது. உலக நிதி நெருக்கடி நேரம். ஆர்வம் காட்டியவர்கள் சொற்பம். சீனாவின் சைனா மேர்ச்சன்ட்ஸ் நிறுவனமும் உள்ளூர் எய்ட்கன் ஸ்பென்ஸும் சேர்ந்த கூட்டணிக்குக் கிடைத்தது. பிறகு உள்ளூர் பங்காளி தன் பங்கை விற்றுவிட்டு விலகியது. இப்போது 85 சதவீதம் சீன நிறுவனத்துக்கு, 15 சதவீதம் துறைமுக அதிகார சபைக்கு. காலம் 35 ஆண்டுகள். 50 கோடி டொலருக்கு மேல் முதலீடு. முதல் கட்டம் 2013 ஆகஸ்டில் திறந்தது, முழு முனையமும் 2014இல் குறித்த நாளுக்கு முன்பே முடிந்தது. ஆண்டுக்கு 24 இலட்சம் கொள்கலன்களுக்கு வடிவமைத்த முனையம் சில ஆண்டுகளிலேயே அந்த அளவைத் தாண்டியது.

இந்த வெற்றியைச் சீன முதலீட்டின் வெற்றி என்று மட்டும் எழுதுகிறவர்கள் தண்ணீருக்குள் கிடக்கும் 6.8 கிலோமீட்டர் கல்லை மறந்துவிடுகிறார்கள். அது இலங்கை மக்களின் கடன். அந்தக் கல் இல்லாவிட்டால் அந்த முனையமும் இல்லை. கேரளத்தின் விழிஞ்ஞத்திலும் இதே கதைதான்: 2015இல் அதானி குழுமத்துக்கு 40 ஆண்டு உரிமை கொடுத்தபோதும் அலைதடுப்பின் செலவை மாநில அரசே ஏற்றது. அதற்கு மேலும் மத்திய அரசின் இடைவெளி நிதியாக (வருமானம் மட்டும் போதாத திட்டத்தைத் தாங்க அரசு தரும் பணம்) 817.80 கோடி ரூபாய் தேவைப்பட்டது. இயற்கையாகவே ஆழமான கடல் இருந்தும் அப்படி.

இதே காலத்தில் தெற்கே அம்பாந்தோட்டையில் நேர் எதிரான ஒரு காரியம் நடந்தது. சீன எக்ஸிம் வங்கியின் கடனில், முதற்கட்டத்துக்கு மட்டும் 30.7 கோடி டொலர், 6.3 சதவீத வட்டி என்ற கணக்கில் அரசாங்கமே துறைமுகத்தைக் கட்டி 2010 நவம்பரில் திறந்தது. எந்தக் கப்பல் நிறுவனமும் கேட்காத துறைமுகம் அது. 2012இல் அங்கே வந்த கப்பல்கள் 34. கொழும்புக்கு வந்தவை 3,667. வாகனம் ஏற்றிவரும் கப்பல்கள் அங்கேதான் இறக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுத்தான் அந்த எண்ணிக்கையைக்கூடக் காட்ட முடிந்தது. தனியார் பங்காளி முதல் நாளிலேயே இருந்திருந்தால், அவர் கேட்டிருக்கும் முதல் கேள்வி “கப்பல் எங்கே?” என்பதாகத்தான் இருக்கும். பங்குடைமையின் பயன் பணம் மட்டுமல்ல, இந்தக் கேள்வியும்தான்.

2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு, 112 கோடி டொலருக்கு, சைனா மேர்ச்சன்ட்ஸிடம் துறைமுகத்தை நடத்தும் உரிமை போனது. கடனைக் கட்ட முடியாமல் துறைமுகத்தைச் சீனா பறித்துக்கொண்டது என்ற கதை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. உண்மை கொஞ்சம் வேறு. வந்த பணம் நாட்டின் டொலர் கையிருப்புக்குப் போனது. துறைமுகம் கட்ட வாங்கிய கடன் அப்படியே திறைசேரியின் தலையில் இருந்தது. அதாவது, கட்டிய ஆபத்தும் கடனும் அரசிடம், நடத்தி ஈட்டும் வாய்ப்பு குத்தகைக்காரரிடம். இப்போது அங்கே வாகன மீள்கப்பலேற்றம் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் முழுச் செலவையும் அரசு செய்துமுடித்த பிறகு, பேரம் பேசும் பலம் போன நேரத்தில் ஒப்பந்தம் போட்டால் என்ன கிடைக்குமோ அதுதான் கிடைத்தது.

கொழும்புக்குத் திரும்பினால், கிழக்கு முனையம் தனி அத்தியாயம். அதன் முதல் 440 மீட்டர் இறங்குதுறையைத் துறைமுக அதிகார சபை தன் பணத்தில் கட்டி முடித்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தது. பாரந்தூக்கி இல்லை, முடிவு இல்லை. 2019 மே மாதம் இந்தியா, ஜப்பான் நாடுகளோடு ஒரு புரிந்துணர்வு கையெழுத்தானது: இலங்கைக்கு 51 சதவீதம், மற்ற இருவருக்கும் சேர்த்து 49. துறைமுகத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மற்றக் கட்சிகளும் பிக்குகளும் சேர்ந்துகொண்டார்கள். 2021 பெப்ரவரியில் அமைச்சரவை பின்வாங்கியது. கிழக்கு முனையம் முழுவதும் துறைமுக அதிகார சபைக்கே என்று அறிவித்தது.

தொழிற்சங்கங்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது எளிது. அவர்கள் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. தெற்கு முனையம் வெறும் கடலாக இருந்தபோது கொடுக்கப்பட்டது. கிழக்கிலோ ஆழமான தண்ணீரும் உண்டு, பொதுப்பணத்தில் எழுந்த இறங்குதுறையும் உண்டு. பெரிய ஆபத்தெல்லாம் தாண்டிய பிறகு பங்கு கேட்டு வருகிறவர் எதைச் சுமக்கப்போகிறார் என்ற கேள்விக்கு அரசாங்கத்திடம் தெளிவான பதில் இருக்கவில்லை. எண்கள் வெளியே வரவில்லை, பேச்சு மூடிய அறையில் நடந்தது, சந்தேகம் தெருவில் வளர்ந்தது.

அப்புறம் நடந்தது இன்னும் சுவாரசியம். கிழக்கை மறுத்ததற்கு ஈடாக மேற்கு முனையத்தை, போட்டி டெண்டர் இல்லாமலே, அதானி குழுமம் சேர்ந்த கூட்டணிக்குக் கொடுத்தார்கள். 2021 செப்டெம்பரில் ஒப்பந்தம்: அதானி 51, ஜோன் கீல்ஸ் 34, துறைமுக அதிகார சபை 15, காலம் 35 ஆண்டுகள். கிழக்கில் 51 சதவீதம் கிடைக்கவிருந்த அதிகார சபைக்கு மேற்கில் 15தான். ஆனால் இதைத் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. மேற்கில் அரசு கட்டுமானத்துக்குக் கடன் வாங்கவில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோதும் அந்தத் திட்டம் நிற்கவில்லை. அமெரிக்காவின் அபிவிருத்தி நிதி நிறுவனம் 2023 நவம்பரில் 55.3 கோடி டொலர் கடன் தருவதாக அறிவித்தது. 2024 டிசம்பரில் அந்தக் கடன் வேண்டாம், சொந்தப் பணத்திலேயே முடிக்கிறோம் என்று அதானி குழுமம் சொல்லிவிட்டது. கடன் வந்தாலும் வராவிட்டாலும் அது கூட்டணியின் தலைவலி, திறைசேரியுடையது அல்ல. 2025 ஏப்ரலில் முனையம் இயங்கத் தொடங்கியது. கிழக்கிலோ மொத்தச் செலவும் அதிகார சபையின் கணக்கில் ஏறுகிறது. வரும் இலாபமும் முழுக்க அதற்கே.

எனக்கு இதில் உறுத்துவது பங்கின் அளவு அல்ல, டெண்டர் இல்லாமல் போனதுதான். 15 சதவீதம் நியாயமான பங்கா, உரிமைத் தொகை சரியான அளவா என்று சொல்வதற்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு விலை வேண்டும். அது இல்லாதபோது ஒப்பந்தம் நல்லதாகவே இருந்தாலும் நல்லது என்று யாராலும் நிறுவ முடியாது.

டெண்டர் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. தூத்துக்குடியைப் பார்க்கலாம். 1998இல் சிங்கப்பூரின் பிஎஸ்ஏவும் சிகால் நிறுவனமும் சேர்ந்து அங்கே கொள்கலன் முனையம் நடத்த முப்பது ஆண்டு ஒப்பந்தம் போட்டன. கொள்கலன் ஒன்றுக்கு இவ்வளவு உரிமைத் தொகை, அது ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் என்பது கணக்கு. ஆனால் முனையம் வாங்கக்கூடிய கட்டணத்தை நிர்ணயித்தது வேறொரு அமைப்பு, பெருந்துறைமுகங்களின் கட்டண ஆணையம். உரிமைத் தொகை முழுவதையும் செலவாக ஏற்றுக் கட்டணத்தைக் கூட்ட ஆணையம் சம்மதிக்கவில்லை. ஒரு பக்கம் கொடுப்பது ஏறுகிறது, மறுபக்கம் வாங்குவது இறுகுகிறது. வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போனது. உரிமைத் தொகைக்குப் பதில் வருவாய்ப் பங்கு முறைக்கு மாற்றுங்கள் என்று நடுவர்கள் சொன்னார்கள். 2021 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இரு தரப்பும் சம்மதிக்காத புதிய ஒப்பந்தத்தை நடுவர் மன்றம் எழுதித்தர முடியாது என்றது. முப்பது ஆண்டில் இருபதுக்கு மேல் ஓடிப்போயிருந்தது. கூட விலை சொன்னவருக்கே கொடுப்பது என்ற டெண்டர் முறை, தாங்க முடியாத விலையைச் சொல்பவரையும் உள்ளே விட்டுவிடும்.

கொழும்பில் அந்தச் சிக்கல் வரவில்லை என்றால் ஒரு முக்கிய காரணம் டொலர். கப்பல் நிறுவனங்கள் முனையங்களுக்கு டொலரில் கட்டுகின்றன. முதலீடும் டொலர், வருமானமும் டொலர். 2022இல் இலங்கை ரூபாய் ஒரு டொலருக்கு 200 என்ற நிலையிலிருந்து சில வாரங்களில் 360க்குச் சரிந்தபோது முனையங்களின் கணக்கு குலையவில்லை. இதே முறையில் நெடுஞ்சாலை கட்ட ஏன் யாரும் வரவில்லை என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. சாலைச் சுங்கம் ரூபாயில் வரும், கடன் டொலரிலோ யென்னிலோ யுவானிலோ இருக்கும். தெற்கு அதிவேக வீதி தொடங்கி நாட்டின் அதிவேக வீதிகள் பெரும்பாலும் அரசாங்கம் வாங்கிய வெளிநாட்டுக் கடனில்தான் எழுந்தன. கடன் நிறுத்தப்பட்டதும் மத்திய அதிவேக வீதியின் வேலைகள் பாதியில் நின்றன. அதே நேரம் மேற்கு முனையத்தில் கடலை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

சரி, துறைமுகத்துக்குள்ளே வேகம் வந்துவிட்டது. வாசலுக்கு வெளியே? மீள்கப்பலேற்றச் சரக்கு வாசலைத் தாண்டுவதில்லை. மீதி இருபது சதவீதம்தான் அரிசி, மருந்து, துணி மூலப்பொருள், உதிரிப்பாகம் என்று நாட்டுக்குள் வருகிறது, தேயிலையும் ஆடையுமாக வெளியே போகிறது. அந்தச் சரக்கு சந்திப்பது சுங்கத் திணைக்களத்தை, பரிசோதனை முற்றங்களை, நகர நெரிசலை. 2025 ஜனவரியில் பரிசோதனைக்குக் காத்திருந்த கொள்கலன்கள் மலைபோல் குவிந்தன. நெரிசலைத் தளர்த்த 323 கொள்கலன்களை நேரடிப் பரிசோதனை இல்லாமல் வெளியே விட்டார்கள். அது பெரிய அரசியல் சர்ச்சையாகி விசாரணைவரை போனது. எத்தனை கோடி டொலர் பாரந்தூக்கி வந்தாலும் தீராத சிக்கல் இது. துறைமுகத்தையும் புதிய களனிப் பாலத்தையும் இணைக்கும் உயர்மட்ட வீதிக்கு ஆசிய அபிவிருத்தி வங்கிதான் கடன் கொடுத்தது. அது தன் காலக்கெடுவைத் தாண்டி இழுபட்டது. எல்லாத் திணைக்களங்களின் அனுமதியையும் ஒரே இணைய வாசலில் பெறும் தேசிய ஒற்றைச் சாளரம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. இதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். அதிகாரத்தைப் பகிரச் சம்மதிக்கும் அதிகாரிகள் வேண்டும். தனியார் பங்காளியால் அதைக் கொண்டுவர முடியாது.

இன்னொரு நெருடல் துறைமுக அதிகார சபையின் பல வேடங்கள். அதுதான் நிலக்காரர். ஜய, கிழக்கு முனையங்களை நடத்தும் போட்டியாளரும் அதுவே. மூன்று தனியார் முனையங்களிலும் 15 சதவீதப் பங்காளி. கப்பலை உள்ளே கொண்டுவரும் வழிகாட்டி, இழுவைப் படகு எல்லாம் அதனிடமே. தன் முனையத்துக்கு வரும் கப்பலுக்கும் எதிர் முனையத்துக்கு வரும் கப்பலுக்கும் ஒரே நேரத்தில் வழிகாட்டி தேவைப்பட்டால் யாருக்கு முதலில் அனுப்புவது? இதுவரை பெரிய சண்டை வெடிக்கவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் போதிய சரக்கு இருந்தது. செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியபோது கொழும்புக்குக் கூடுதல் வேலை வந்தது. அந்தச் சூழல் மாறி, விழிஞ்ஞமும் முழு வேகத்தில் ஓடத் தொடங்கினால், இந்தியச் சரக்கின் ஒரு பகுதி குறையலாம். அப்போது நடுநிலையான ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று இல்லாதது தெரியவரும்.

அதற்கு முன்பே ஒரு தேதி காத்திருக்கிறது. 1999இல் கொடுத்த முதல் முனையத்தின் முப்பது ஆண்டுக் காலம் இந்தப் பத்தாண்டின் முடிவோடு தீர்கிறது. ஒப்படைப்பது என்று எழுதிவைத்த ஒரு முனையம் உண்மையிலேயே அரசின் கைக்குத் திரும்புவது இலங்கையில் இதுவே முதல் முறையாக இருக்கும். தானே நடத்துவதா, பழைய கூட்டணிக்கே காலத்தை நீட்டுவதா, புதிதாக டெண்டர் விடுவதா என்று அதிகார சபை முடிவெடுக்க வேண்டும். 15 மீட்டர் ஆழத்தில் நிற்கும் அந்தப் பழைய இறங்குதுறைக்கு எவ்வளவு புது முதலீடு வேண்டும், அங்கே வேலை செய்யும் ஊழியர்கள் யாருடைய சம்பளப் பட்டியலில் இருப்பார்கள், கடைசி ஆண்டுகளில் பராமரிப்பைக் குறைத்துவிட்டு இயந்திரங்களைத் தேய்ந்த நிலையில் ஒப்படைப்பதை எப்படித் தடுப்பது என்பதையெல்லாம் இப்போதே ஒரு சுயாதீனக் குழு கணக்கெடுத்துப் பொதுவில் வைக்கலாம். கிழக்கு முனையத்தில் நடந்ததுபோல் கடைசி நேரத்தில் மூடிய அறையில் பேசத் தொடங்கினால், தெருவில் அதே கூட்டம் மறுபடி நிற்கும்.